நேசமணிக்காக மன்றாடிய உலகம்



விழுப்புரமானாலும் திருவாமாத்தூரானாலும், கைபேசியைப் பார்த்துச் சிரிக்கும் நம் இளையோரிடம் கேட்டால் 'மீம்' என்கிறார்கள். இச்சொல் எங்கிருந்து வந்தது?

'மிமேமா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு, ஒன்றைப் பார்த்து அதைப்போலவே செய்யப்பட்டது என்பது பொருள். உயிரியல் அறிஞர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1976-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதைச் சுருக்கி 'மீம்' என்றார். ஒரு பாட்டோ, பேச்சோ, பழக்கமோ ஒருவரைப் பார்த்து மற்றவர் செய்வதால் பரவுகிறதல்லவா? அவ்வாறு பரவுவதற்கு அவர் இட்ட பெயர் அது. பின்னர் இணையத்தில் பரவும் வேடிக்கைப் படங்களுக்கும் வரிகளுக்கும் அதுவே பெயராயிற்று.

தமிழில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு 'நேசமணி'. 2019-ஆம் ஆண்டு மே மாத இறுதியில், பொறியியல் சார்ந்த முகநூல் பக்கம் ஒன்று சுத்தியல் படத்தை வெளியிட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. தமிழர் ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டு, காண்டிராக்டர் நேசமணியின் தலையை உடைத்தது இதுதான் என்றும் எழுதினார். 2001-இல் வெளிவந்த 'ஃப்ரண்ட்ஸ்' திரைப்படத்தில் வடிவேலு ஏற்ற நகைச்சுவைப் பாத்திரமே நேசமணி. அவர் இப்போது நலமா என்று ஒருவர் விசாரிக்க, விளையாட்டு வளர்ந்தது. 'நேசமணிக்காகச் செபியுங்கள்' என்ற பொருள்படும் 'பிரே ஃபார் நேசமணி' என்னும் ஆங்கில வரி ட்விட்டரில் உலக அளவில் முன்னணிக்கு வந்தது. பிரதமர் மோடி இரண்டாம் முறை பதவியேற்ற மே 30-ஆம் நாளிலும் அதுவே பேச்சாயிருந்தது. தமிழ் அறியாத பலர், யார் இந்த நேசமணி என்று கேட்டனர்.

இது யாரையும் புண்படுத்தாத நகைச்சுவை, சிரிப்பதில் தவறில்லை. ஆனால் அந்த வரியின் முன்வரலாற்றையும் எண்ணிப் பார்ப்போம். 2015 நவம்பரில் பாரிஸ் நகரில் நடந்த தாக்குதலுக்குப் பின், 'பாரிஸுக்காகச் செபியுங்கள்' என்று கோடிக்கணக்கானோர் துயரத்தோடு பகிர்ந்த வரியின் அச்சுதான் இது. பகிர்வதற்கு ஒரு நொடி போதும். செபிப்பதற்கோ, யாருக்காகச் செபிக்கிறோமோ அவரை நெஞ்சில் நிறுத்த வேண்டும். சொல் எளிதில் பரவுகிறது, செயல் பின்தங்கிவிடுகிறது.

கற்பனை நேசமணிக்கு உலகமே நலம் விசாரித்தது. கட்டட வேலைக்கு வெளியூர் சென்று, சாரத்திலிருந்து விழுந்து படுத்திருக்கும் நம் பங்கின் உண்மை நேசமணிகளை யார் விசாரிக்கிறார்கள்?

புனித பவுல் கொரிந்து நகர மக்களிடம், தாம் கிறிஸ்துவைப் பின்பற்றுவதுபோல் அவர்களும் தம்மைப் பின்பற்றக் கேட்கிறார். அங்கே அவர் கையாளும் கிரேக்கச் சொல்லும் 'மீம்' பிறந்த அதே வேரிலிருந்து வந்ததே. அவர் போலச் செய்யச் சொன்னது வாழ்வை, வெறும் வரியை அல்ல.

அடுத்த முறை 'செபியுங்கள்' என்ற செய்தி வந்தால், அதை மற்றவருக்கு அனுப்பும் முன் அந்தப் பெயரை ஒருமுறை இறைவனிடம் சொல்வோம். அருகில் உள்ளவரானால், நேரில் சென்று நலம் விசாரிப்போம்.