கையடக்கப் போர்க்களம்: 'அட்வான்ஸ் வார்ஸ்' விளையாட்டு வாங்கத் தகுந்ததா?

நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்காக 2023 ஏப்ரல் 21 அன்று 'அட்வான்ஸ் வார்ஸ் 1+2: ரீ-பூட் கேம்ப்' வெளியானது. 2001 மற்றும் 2003 ஆம் ஆண்டுகளில் கேம் பாய் அட்வான்ஸ் கருவியில் வந்த இரண்டு போர் வியூக விளையாட்டுகளை, அமெரிக்காவின் வேஃபார்வர்ட் நிறுவனம் புதிய வடிவில் உருவாக்கி ஒரே தொகுப்பாக அளித்துள்ளது. அமெரிக்கச் சந்தையில் இதன் விலை 60 டாலர். வெளியான நாளின் மாற்று மதிப்பில் இது சுமார் 4,900 ரூபாய். இருபது ஆண்டுகளுக்கு முந்தைய விளையாட்டுகளுக்கு இவ்வளவு தொகை தகுமா என்ற கேள்வி நியாயமானதே.

இரு தரப்பும் மாறி மாறிக் காய் நகர்த்தும் விளையாட்டு இது. கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட வரைபடத்தில் ஒருவர் தம் படைகள் அனைத்தையும் நகர்த்தி முடித்த பின்னரே எதிரியின் முறை வரும். விரல் வேகத்துக்கு இங்கு வேலை இல்லை. அந்த வகையில் இது சதுரங்கத்துக்கு நெருக்கமானது. ஆனால் சதுரங்கத்தில் இல்லாத ஒன்று இதில் உண்டு, அது பணம்.

கைப்பற்றிய நகரம் ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 1,000 என்ற கணக்கில் வருவாய் தரும். காலாட்படை வீரர் பிரிவு ஒன்றின் விலை 1,000, டாங்கி 7,000, குண்டுவீச்சு விமானம் 22,000. நகரங்களைக் கைப்பற்றும் திறன் காலாட்படைக்கு மட்டுமே உண்டு. ஒரு நகரத்தின் எதிர்ப்பு வலிமை 20 புள்ளிகள். முழு வலிமையான 10 புள்ளிகளுடன் உள்ள பிரிவு அதை இரண்டே நாளில் பிடித்துவிடும்; அடிபட்டு 4 புள்ளிகளாகத் தேய்ந்த பிரிவுக்கு ஐந்து நாள் ஆகும். எனவே மலிவான காலாட்படையை அலட்சியமாக இழப்பவர், சில நாள்களில் டாங்கி வாங்கப் பணமின்றி நிற்பார்.

சண்டையின் கணக்கும் எளிது. முதலில் தாக்குபவர் எதிரியின் வலிமையைக் குறைத்துவிடுகிறார். மிஞ்சிய வலிமையுடன்தான் எதிரி திருப்பித் தாக்க முடியும். தொலைவிலிருந்து சுடும் பீரங்கிக்கு அந்தப் பதிலடியும் கிடையாது. ஆயினும் நகர்ந்த அதே முறையில் அதனால் சுட இயலாது. ஆகவே 1,000 மதிப்புள்ள காலாட்படையைத் தூண்டிலாக முன்னே நிறுத்தி, அதைத் தாக்க வரும் 7,000 மதிப்புள்ள டாங்கியைப் பின்னால் காத்திருக்கும் பீரங்கியால் நொறுக்குவது இவ்விளையாட்டின் பாலபாடம். கற்க அரைமணி நேரம் போதும். போர்மூட்டம் சூழ்ந்த களங்களில், காட்டுக்குள் பதுங்கிய எதிரி பக்கத்துக் கட்டத்துக்குச் சென்றால்தான் தென்படுவார் என்ற விதியும் சேரும்போது அதே கணக்கு கடினமாகிவிடுகிறது.

தளபதிகளின் தனித்தன்மை மற்றொரு சுவை. ஆண்டி தன் படைகளைப் பழுதுபார்ப்பார். சமியின் காலாட்படை நகரங்களை விரைந்து பிடிக்கும். மேக்ஸின் டாங்கிகள் வலியவை, ஆனால் அவரது பீரங்கிகளின் வீச்சு குறைவு.

புதிய தொகுப்பில் செய்யப்பட்டுள்ள திருத்தங்களில் பயனுள்ளது, தவறாக நகர்த்திய முறையைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் ஆடும் வசதி. அசைவூட்டக் காட்சிகளை வேகப்படுத்தவும் முடியும். புதியவர்களுக்கு எளிய நிலையும் உள்ளது. பழைய புள்ளிச் சித்திரங்களுக்குப் பதிலாக வந்துள்ள பொம்மை போன்ற முப்பரிமாண உருவங்கள் பழைய ரசிகர்கள் எல்லோரையும் கவரவில்லை. களத்தைத் தெளிவாகக் காண அவை உதவுகின்றன என்பதே நம் கருத்து.

இணையவழி ஆட்டத்தில்தான் இத்தொகுப்பு ஏமாற்றுகிறது. நண்பர் பட்டியலில் ஏற்கெனவே உள்ள ஒருவருடன் மட்டுமே இணையத்தில் மோத முடியும். முன்பின் அறியாத எதிராளியைத் தேடித் தரும் வசதி இல்லை. அதற்கும் தனிச் சந்தா தேவை. ஒரே அறையில் இருப்பவர்கள் நால்வர் வரை சேர்ந்து ஆடலாம். தமிழிலோ இந்தியிலோ உரை இல்லை என்பதால், சிறுவர்களுக்கு வாங்கித் தருவோர் ஆங்கில வாசிப்பையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

போரைக் கேலிச்சித்திரமாக்கும் இவ்விளையாட்டை உண்மையான போர் இருமுறை குறுக்கிட்டிருக்கிறது. முதல் விளையாட்டு அமெரிக்காவில் வெளியானது 2001 செப்டம்பர் 10. மறுநாளே நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டன. ஐரோப்பிய வெளியீடு 2002 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. ஜப்பானியர்களுக்கு 2004 இல்தான் அது கிடைத்தது. மறுவுருவாக்கமும் 2022 ஏப்ரலில் வரவிருந்த நிலையில், ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்ததை அடுத்து, அண்மைய உலக நிகழ்வுகளைக் காரணம் காட்டி நிண்டெண்டோ அதை ஒத்திவைத்தது. அண்டை நாடு ஒன்று படையெடுத்து வருவதே முதல் விளையாட்டின் தொடக்கக் கதை என்பதை அறிந்தவர்களுக்கு அம்முடிவு வியப்பளிக்கவில்லை. இதில் ரத்தம் இல்லை, பிணங்கள் இல்லை. தோற்ற தளபதி முகம் சுளித்து ஓடிவிடுவார். குடும்பத்தில் வைத்து ஆடத் தடையில்லை எனச் சிலரும், போரை இவ்வளவு இலேசாகக் காட்டலாமா எனச் சிலரும் கருதக்கூடும். வாங்கும் பெற்றோர் இதைத் தாமே முடிவுசெய்வது நல்லது.

தனியாக அமர்ந்து சிந்தித்து ஆட விரும்புவோருக்கு இரண்டு முழு நீளக் கதைத்தொடர்களும், சொந்தமாகக் களம் வரையும் வசதியும் சேர்ந்து பல வாரங்களுக்குத் தீனி போடும். அவர்களுக்கு முழு விலையும் தகும். இணையத்தில் புதியவர்களுடன் மோதவே வாங்குவோர் தவிர்க்கலாம். அவர்களுக்கு 2019 இல் வெளியான 'வார்குரூவ்' பொருந்தும். இதே பாணியில் அமைந்த அதன் தொடக்க விலை 20 டாலர், கணினியிலும் ஆடலாம். 8-க்கு 8 கட்டப் பலகையில் எதிரியின் அடுத்த தாக்குதலை முன்கூட்டியே காட்டிவிடும் 'இன்டு தி பிரீச்' குறுகிய நேரத்தில் ஆடி முடிக்க ஏற்றது.

இந்தியாவில் வாங்குவோருக்கு ஒரு கூடுதல் கணக்கு உண்டு. நிண்டெண்டோ பொருள்கள் இங்கு பெரும்பாலும் இறக்குமதியாளர்கள் வழியாகவே வருவதால் விலை கடைக்குக் கடை மாறும். உத்தரவாதம் யார் தருகிறார் என்பதைப் பணம் கட்டும் முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும். ஸ்விட்ச் கேம் கார்டுகளுக்கு நாட்டுக் கட்டுப்பாடு இல்லை. வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்தாலும் இங்கே இயங்கும். ஆடி முடித்த கார்டை மறுபடி விற்கவும் இயலும். இணையத்தில் பதிவிறக்கிய பிரதியை அவ்வாறு விற்க வழியில்லை.