பச்சைக்கிளி வளர்த்தால் சிறை!

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை தாம்பரத்துக்காரர்களுக்குப் பக்கம்தான். பழைய சாமான், பூச்செடி எல்லாம் தாண்டிப் போனால், ஒரே கீச்சுக் கீச்சு! கூண்டு கூண்டாகப் பறவைகள்!

ஆனால் நம் ஊர்ப் பச்சைக்கிளி மீது ஆசை வைக்காதீர்கள். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்பதும் குற்றம், கூண்டில் அடைப்பதும் குற்றம். சிறைத் தண்டனை கூட உண்டு. "பாட்டி காலத்துப் பழக்கமாச்சே!" என்றால் சட்டம் கேட்காது.

வீட்டில் ஏற்கனவே கிளி இருக்கிறதா? பயந்துபோய்த் தெருவில் பறக்கவிடாதீர்கள். கூண்டிலேயே வளர்ந்ததற்கு இரை தேடத் தெரியாது, காக்கை கொத்திவிடும். வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

பயமில்லாமல் வளர்க்க, நம்மவர்கள் "லவ் பேர்ட்ஸ்" என்கிற பட்ஜெரிகர் இருக்கிறது. ஆஸ்திரேலியப் பறவை. 1840-ல் ஜான் கூல்டு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். பிறகு உலகமெங்கும் கூண்டுக்கு வந்துவிட்டது! அலகுக்கு மேலே மூக்குப் பகுதி நீலமாக இருந்தால் பெரும்பாலும் ஆண், பழுப்பென்றால் பெண். தினை, கம்பு போடுங்கள். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு. முட்டையிட, ஓட்டை போட்ட மண் பானை போதும். சுமார் 18 நாளில் குஞ்சு வரும்.

பழக்குவது எப்படி? வந்த அன்றே கையால் பிடித்தால் காரியம் கெட்டது. சில நாள் கூண்டருகே உட்கார்ந்து மெதுவாகப் பேசுங்கள். அப்புறம் தினைக் கதிரைக் கையில் நீட்டுங்கள். பயம் தெளிந்தால் தானாக விரலில் வந்து உட்காரும். ஒற்றைக் குஞ்சாக இருந்தால் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். ஆனால் தினமும் அதனோடு பேச ஆள் வேண்டும். வேலைக்குப் போகிற வீடென்றால் ஜோடியே நல்லது.

கூண்டைத் திறக்குமுன் மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள்.