வைட்டமின் 'டி'யும் முதியோர் உடலும்

உயிர்ச்சத்துகளுள் கதிரவன் நமக்கு விலையின்றித் தருவது ஒன்றே ஒன்றுதான். அது வைட்டமின் 'டி'. எலும்புக்கு உரமூட்டுவது அது என்று பள்ளிப் பாடத்தில் படித்தோம். நோயை எதிர்க்கும் ஆற்றலிலும் அதற்குப் பங்குண்டு என்பது பின்னர்த் தெளிவான செய்தி. இன்று நெல்லிக்குப்பம் கடைத்தெருவில் மருந்துக் கடைக்குப் போனால் 60,000 யூனிட் பொட்டலம் எளிதாகக் கிடைக்கும். சர்க்கரை ஆலையில் ஓய்வு பெற்ற பெரியவர்களும், நெய்வேலிச் சுரங்கத்தில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர்களும் அதை வாங்கிப் பாலில் கலந்து குடிக்கிறார்கள்.

என் பாட்டி ஒருநாள் கேட்டார்: "எதிர்வீட்டு ஆயாவும் இதே பொடியைத்தானே குடிக்குது? அதுக்குச் சளி, காய்ச்சல் அண்டவே இல்ல. எனக்கு மட்டும் ஏன்டா விடமாட்டேங்குது?" விலங்கியல் மாணவனான எனக்கு இது நல்ல தேர்வுக் கேள்வியாகவே பட்டது.

முதலில் வயது. தோலிலுள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருள்மீது வெயில் படும்போது வைட்டமின் 'டி' பிறக்கிறது. இருபது வயதில் இருக்கும் அப்பொருள் எண்பது வயதில் பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. கருநிறத் தோலுக்கு வெயிலும் கூடுதலாக வேண்டும். ஆகவே, ஆயுள் முழுதும் கரும்புத் தோட்டத்தில் முதுகைக் காயவைத்தவருக்கும் முதுமையில் குறைவு ஏற்படலாம். திண்ணை நிழலிலேயே பொழுதைக் கழிக்கும் பாட்டிமார்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அடுத்தது மரபணு. காசநோய்க் கிருமியை நம் உடலின் விழுங்கணுக்கள் விழுங்குகின்றன. விழுங்கினால் மட்டும் போதாது, கொல்லவும் வேண்டும். அதற்கான கேத்தலிசிடின் என்னும் புரதத்தைச் செய்ய வைட்டமின் 'டி' தேவை என்று 2006-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர்கள் காட்டினர். ஆனால் அந்த வைட்டமின் தானாக வேலை செய்வதில்லை. அணுவுக்குள் அதற்கென ஓர் ஏற்பிப் புரதம் உண்டு. வைட்டமினைச் சாவி என்றால் ஏற்பியைப் பூட்டு எனலாம். பூட்டைச் செய்யும் மரபணு நமது 12-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அது எல்லோருக்கும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இல்லை. அதில் ஓரிடத்தை 'டாக்' என்னும் நொதி சிலருக்கு வெட்டும், சிலருக்கு வெட்டாது. வேடிக்கை என்னவென்றால், இந்த வேறுபாட்டால் புரதத்தின் அமைப்பு மாறுவதே இல்லை. அருகிலுள்ள வேறு மாற்றங்களுக்கு அது ஓர் அடையாளக் கல் மட்டுமே என்று கருதப்படுகிறது.

காசநோய்க்கும் கதிரவனுக்கும் உள்ள உறவு பழையது. தோல் காசத்தை ஒளியால் குணப்படுத்தியதற்காக ஃபின்சன் 1903-இல் நோபல் பரிசு பெற்றார். டாக்டர் சௌரி முத்து 1928-இல் தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கியபோது வெயிலும் காற்றும் அங்கே மருந்துக்கு இணையாக மதிக்கப்பட்டன. 1956-இல் சென்னையில் தோன்றிய காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார் பிற்காலத்தில் தென்னிந்திய நோயாளிகளிடமே இந்த ஏற்பி மரபணுவின் வேறுபாடுகளை ஆராய்ந்தனர்.

இனி நேரடிச் சோதனைகள். லண்டனில் காச மருந்தோடு ஒரு தடவைக்கு 1,00,000 யூனிட்டாக நான்கு தடவை வைட்டமின் 'டி' கொடுத்துப் பார்த்து, 2011-இல் முடிவை வெளியிட்டனர். சளியில் கிருமி மறைய வைட்டமின் பெற்றவர்களுக்கு 36 நாள், பெறாதவர்களுக்கு 43.5 நாள். தற்செயல் அல்ல என்று சொல்லுமளவுக்கு இது பெரிய வேறுபாடன்று. ஆனால் தாய், தந்தை இருவரிடமிருந்தும் 'டாக்' வெட்டும் வடிவத்தைப் பெற்றவர்களிடம் மட்டும் பலன் தெளிவாகத் தெரிந்தது. பாட்டியின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று துள்ளத் தோன்றும்!

பொறுங்கள். நம் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் கனடா நாட்டினரோடு சேர்ந்து அதே அளவை இந்திய நோயாளிகள் 247 பேரிடம் சோதித்தனர். 2015-இல் வந்த முடிவு: வைட்டமின் பெற்றவர்களுக்கு 43 நாள், பெறாதவர்களுக்கு 42 நாள். ஆஸ்திரேலியாவில் 60 வயது கடந்த 21,000-க்கும் மேற்பட்டோருக்கு மாதம் 60,000 யூனிட் வீதம் கொடுத்தார்கள். சளி, இருமல் வரும் வாய்ப்பு குறையவில்லை. மரபணுவின் செல்வாக்கு இல்லை என்று இதனால் ஆகிவிடாது. லண்டனில் பலன் கண்டவர்கள் ஒரு சிறு கூட்டத்தார். அத்தகையோரைச் சராசரிக் கணக்கு மறைத்துவிடும். ஆனால் அச்சிறு கூட்டத்தை மட்டும் நம்பி மரபணுச் சோதனைக்குப் பணம் கட்டுவதும் அவசரமே என்பது என் கருத்து.

எனவே பாட்டியிடம் நான் சொன்னது: "உங்க ரத்தத்துல அது குறைவா இருக்கான்னு முதல்ல டாக்டர்கிட்ட பார்ப்போம். குறைவா இருந்தா பொடி வேணும். சரியா இருந்தா எதிர்வீட்டு ஆயாவைப் பார்த்து நீங்க குடிக்க வேணாம்." சோதிக்காமல் வாரந்தோறும் மாதக்கணக்கில் குடித்தால் இரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து ஏறி, வாந்தி, தலைசுற்றல், சிறுநீரகக் கெடுதி வரை போகும். ஓய்வூதியத்தில் மருந்துச் செலவு போக மிஞ்சுவது எவ்வளவு என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த வேறோர் ஆய்வையும் குறிப்பிட வேண்டும். காசநோயாளிகளின் வீட்டாருக்கு, ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, நுண்சத்து மாத்திரைகள் என்று கொடுத்தனர். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் தோன்றுவது சுமார் 40 விழுக்காடு குறைந்தது. யாருடைய மரபணுவையும் பார்த்து அங்கே அரிசி அளக்கவில்லை.