வெயிலுக்கு விலை வைத்தவர் யார்?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாகக் கமுதிக்குப் போகிறவர்களுக்கு இரண்டு பொருள்களில் குறைவே இராது. ஒன்று சீமைக் கருவேலம், மற்றொன்று வெயில். குண்டாற்றில் தண்ணீர் வராத வருஷம் உண்டு. வெயில் வராத வருஷம் உண்டா? மழையை நம்பி விதைத்துவிட்டு வானம் பார்க்கும் இந்த மானாவாரிச் சீமையில், "வெயிலுக்கும் ஒருநாள் விலை வரும்" என்று யாராவது சொல்லியிருந்தால் நம் பாட்டனார்கள் சிரித்திருப்பார்கள்.

விலை வந்துவிட்டது. யூனிட் 7 ரூபாய் 1 காசு!

கமுதியில் அதானி நிறுவனம் அமைத்த சூரிய மின் நிலையம் 2016-ல் திறக்கப்பட்டது. 648 மெகாவாட், சுமார் 2,500 ஏக்கர். அதன் மின்சாரத்தை 25 வருஷங்களுக்கு வாங்கிக்கொள்வதாக, அந்நாளில் டான்ஜெட்கோ என்ற பெயரில் இருந்த அரசு மின் நிறுவனம் 2015 ஜூலையில் ஒப்பந்தம் செய்தது.

"சூரிய பகவான் கூலி கேட்பதில்லையே, ஏழு ரூபாய் எதற்கு?" என்கிறீர்களா? நியாயமான கேள்விதான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள் அல்லவா? வெயில் இனாம், அதைப் பிடிக்கும் தகடும் நிலமும் கடனுக்கு வட்டியும் இனாம் அல்ல. 1999-ல் அமைந்த தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இந்தக் கணக்கைப் போடுகிறது. நிலையம் அமைக்கும் செலவு, வட்டி, தேய்மானம், பராமரிப்பு, முதல் போட்டவருக்கு லாபம். எல்லாவற்றையும் கூட்டி, கிடைக்கக்கூடிய யூனிட்டுகளுக்குப் பங்கிட்டால் விலை வந்துவிடும்.

2014 செப்டம்பரில் அப்படி வந்த விலைதான் 7.01. தகடுகளின் விலை சரியவே, 2016 மார்ச்சில் ஆணையம் அதை 5.10 ஆக்கியது. 2017-ல் ஏலம் விட்டபோது 3.47-க்கே கொடுக்க ஆள் வந்தார்கள். அதே சூரியன், அதே வெயில்!

இங்கேதான் தகராறு பிறந்தது. 2016 மார்ச் 31-க்குள் ஓடத் தொடங்கினால் 7.01, மறுநாள் என்றால் 5.10. கமுதியில் 288 மெகாவாட்டுக்கு எந்த விலை என்று வழக்கு எழுந்தது. மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் நிறுவனத்தின் பக்கமே, 7.01-க்கே, தீர்ப்பளித்தது.

வித்தியாசம் 1 ரூபாய் 91 காசுதானே என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு மெகாவாட் ஆண்டுக்கு 15 லட்சம் யூனிட் தருகிறது என்று வைத்துக்கொண்டால், 288 மெகாவாட்டுக்கு வருஷம் எண்பது கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. இருபத்தைந்து வருஷத்துக்கு நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

முதல் போட்டவரைக் குறை சொல்லி என்ன பயன்? நிச்சயமான விலை என்ற உறுதி இல்லாவிட்டால் இந்தக் கரிசல் காட்டில் யார் வந்து பணத்தைக் கொட்டுவார்கள்? ஆனால் விலை விழுந்துகொண்டிருக்கும் சரக்கை நீண்ட காலத்துக்கு ஒரே விலையில் பேசி முடித்தால், அதன் பாரம் ஒருவர் தலையில் இறங்கத்தானே வேண்டும்?

யார் தலையில்? அருப்புக்கோட்டை விசைத்தறிக்காரரைக் கேளுங்கள். இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம் என்று 2023-ல் அரசு உத்தரவிட்டது. அந்த இலவசத்துக்கும் மின் நிறுவனத்துக்கு அரசு பணம் கட்டியாக வேண்டும். 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அரசின் பணம் என்பது நம் வரிப்பணம். ஆயிரத்துக்கு மேல் ஓடும் யூனிட்டுக்குத் தறிக்காரரே கட்டுகிறார். ஆக, எந்தப் பையில் கை விட்டாலும் அது நம் பைதான்.

இதற்கு ஒரு வழி அதே சட்டத்தில் இருக்கிறது. கட்டணத்தை நிர்ணயிக்குமுன் ஆணையம் பொதுமக்களின் ஆட்சேபணைகளைக் கேட்டாக வேண்டும். கணக்கு வழக்கு தெரிந்த பெரிய நிறுவனங்கள் அங்கே தவறாமல் ஆஜராகின்றன. தறிக்காரரும் சம்சாரியும் இல்லத்தரசியும் ஒரு காகிதத்தில் எழுதிப்போட்டால் என்ன? பில் வந்த பிறகு முணுமுணுப்பதைவிட, விலை வைக்கும்போதே வாய் திறப்பது லாபம் அல்லவா?