கேட்காமலே வந்த அட்டை

2020-இன் கோடையில் அமெரிக்காவின் லட்சக்கணக்கான வீடுகளுக்குத் தபாலில் ஓர் உறை வந்தது. பிரித்தால் உள்ளே ஏடிஎம் கார்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக் அட்டை. யாரும் எதற்கும் விண்ணப்பித்ததாக நினைவில்லை. விளம்பரமாக இருக்கும், இல்லையென்றால் ஏதாவது மோசடி என்று நினைத்துக் குப்பைக்கூடையில் போட்டவர்களும் உண்டு. அப்படிப் போனது அவர்களுடைய பிள்ளைகளின் சாப்பாட்டுப் பணம்.

அமெரிக்கப் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வேரூன்றியது. கொரோனாவுக்கு முன்பு ஒவ்வொரு நாளும் சுமார் மூன்று கோடிப் பிள்ளைகள் அதில் சாப்பிட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ இரண்டு கோடிப் பேருக்கு அது இலவசம். 2020 மார்ச்சில் பள்ளிகள் பூட்டப்பட்டதும், வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் காலையும் மதியமுமாகத் தினம் நான்கு சாப்பாட்டுச் செலவு அந்தக் குடும்பத்தின் தலையில் விழுந்தது. அதே நேரத்தில்தான் வேலைகளும் பறிபோயின. ஏப்ரலில் வேலையின்மை 14.7 சதவீதத்தைத் தொட்டது.

பள்ளிகள் கைகட்டி நிற்கவில்லை. வாகன நிறுத்துமிடங்களில் மேசை போட்டு உணவுப் பொட்டலங்கள் கொடுத்தன. சில ஊர்களில் பள்ளிப் பேருந்துகளே வழித்தடம் மாறாமல் சாப்பாட்டைச் சுமந்து போயின. ஆனால் வேலைநாளில், பகல் நேரத்தில் அங்கே போய் வாங்கி வர ஓர் ஆள் வேண்டுமே! மளிகைக்கடையில் கல்லாவில் நிற்கும் தாயாலும் கிடங்கில் மூட்டை தூக்கும் தகப்பனாலும் அது முடியவில்லை.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் 2020 மார்ச் 18 அன்று கையெழுத்தான நிவாரணச் சட்டம், பி-இபிடி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இதன் கணக்கு எளியது. இலவச உணவுக்குத் தகுதியுள்ள ஒரு பிள்ளைக்குக் காலை, மதியச் சாப்பாட்டுக்காக நாளொன்றுக்கு 5.70 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 430 ரூபாய். பள்ளி மூடியிருந்த நாட்களால் அதைப் பெருக்கி அட்டையில் ஏற்றிவிடுவார்கள். முதலில் அனுமதி பெற்ற மிச்சிகன் மாநிலம், மார்ச்-ஏப்ரலுக்கு 193.80 டாலரும் மே-ஜூனுக்கு 182.40 டாலரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுத்தது. அரிசி, பால், முட்டை, காய்கறி எல்லாம் அந்த அட்டையைத் தேய்த்து வாங்கலாம். சோப்பும் மருந்தும் வாங்க முடியாது.

திட்டத்தின் உயிர்நாடி, பெரும்பாலான குடும்பங்கள் படிவம் நிரப்ப வேண்டியிருக்கவில்லை என்பதுதான். யாருக்கு இலவச உணவு என்ற பட்டியல் பள்ளியிடம் ஏற்கெனவே இருந்தது. வறுமையை இன்னொரு முறை நிரூபிக்கச் சொல்லாமல் அரசு அந்தப் பட்டியலையே எடுத்துக்கொண்டது. நியூயார்க் நகர அரசுப் பள்ளிகளில் 2017 முதல் எல்லோருக்கும் உணவு இலவசம். ஆகவே அங்கே வருமானம் பார்க்காமல் மாணவர் ஒவ்வொருவருக்கும் 420 டாலர் ஒதுக்கப்பட்டது. வசதியுள்ள பெற்றோர் பலர் தங்களுக்கு வந்ததை உணவு வங்கிகளுக்கு நன்கொடையாகத் திருப்பினார்கள். பிள்ளைகளின் குடியுரிமையையும் யாரும் கேட்கவில்லை. அரசு உதவி பெற்றால் கிரீன் கார்டு கிடைக்காமல் போகுமோ என்று குடியேறிய குடும்பங்கள் அஞ்சிக்கொண்டிருந்த காலம் அது. இந்தப் பணம் அந்தக் கணக்கில் வராது என்று மாநிலங்கள் அவர்களுக்குத் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

இடறியதும் அதே பட்டியலில்தான். பள்ளியின் பதிவேடு ஒரு துறையிடம், அட்டை வழங்கும் பொறுப்பு இன்னொரு துறையிடம். வாடகை கட்ட முடியாமல் வீடு மாறியவர்களின் பழைய முகவரிக்கு உறைகள் போயின. மார்ச் மாதப் பசிக்கான பணம் சிலருக்கு ஆகஸ்டில்தான் கைக்கு வந்தது. அடுத்த கல்வியாண்டில் சிக்கல் இன்னும் கூடியது. ஒரு பள்ளி முழுதாக மூடிக்கிடந்தது. இன்னொன்று வாரத்தில் இரண்டு நாள் திறந்தது. எந்தப் பிள்ளைக்கு எத்தனை நாள் என்று கணக்குப் போட்டு முடிப்பதற்குள் பல மாநிலங்களில் 2021-இன் வசந்தமே வந்துவிட்டது.

இருந்தும் பலன் கண்கூடாகத் தெரிந்தது. ப்ரூக்கிங்ஸ் நிறுவனத்தின் ஹாமில்டன் திட்ட ஆய்வாளர்கள் 2020 ஜூலையில் வெளியிட்ட கணக்கின்படி, பணம் வந்து சேர்ந்த அடுத்த வாரத்தில் குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகளிடையே உணவுத் தட்டுப்பாடு 30 சதவீதம் குறைந்தது. குறைந்தபட்சம் 27 லட்சம் பிள்ளைகள் பசியிலிருந்து மீண்டார்கள்.

கொரோனா இல்லாவிட்டாலும் கோடை விடுமுறையில் பள்ளி உணவு நின்றுபோகிறது. அதனால் 2022 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் இந்த ஏற்பாட்டைக் கோடைக்காலத்துக்கு நிரந்தரமாக்கியது. 2024 முதல் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 40 டாலர் வீதம் ஒரு கோடைக்கு 120 டாலர். சேர்வதா வேண்டாமா என்பது மாநிலங்களின் விருப்பம். அயோவா வேண்டாம் என்றது. நெப்ராஸ்காவின் ஆளுநர் ஜிம் பில்லனும் முதலில் மறுத்தார். எதிர்ப்பு வலுத்தது. வீட்டில் சாப்பாடு இல்லாத நாட்களைப் பற்றி மாணவர்கள் சொன்னதைக் கேட்டபின், 2024 பிப்ரவரியில் அவர் முடிவை மாற்றிக்கொண்டார். அந்தக் கோடையில் நெப்ராஸ்காவின் பிள்ளைகளுக்கும் பணம் வந்தது.