புல்வெளியில் எழுந்த கல் ஆலயம்

மரமே இல்லாத நாட்டில் குடியேறுபவன் எதைக்கொண்டு வீடு கட்டுவான்? எதை எரித்து உணவு சமைப்பான்? தன் நிலத்தைச் சுற்றி வேலியிட எதை நடுவான்? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுப்பகுதியில் உள்ள கன்சாஸ் மாநிலத்தில், எல்லிஸ் கவுண்டி என்னும் புல்வெளி நாட்டிற்கு 1876-ஆம் ஆண்டு வந்து சேர்ந்த ஏழைக் கத்தோலிக்க உழவர்களுக்கு இவ்வினாக்கள் எல்லாம் ஒரே நாளில் எழுந்தன. மண்ணுக்கு மேலே அவர்களுக்கு விடை கிடைக்கவில்லை; மண்ணுக்குக் கீழே கிடைத்தது. அந்த விடையைக்கொண்டு அவர்கள் எழுப்பிய ஆலயம் 141 அடி உயரமுள்ள இரட்டைக் கோபுரங்களோடு இன்றும் நிற்கிறது.

கவுண்டி என்பது நம் நாட்டு வட்டத்தைப் போன்றதோர் ஆட்சிப் பிரிவு. எல்லிஸ் கவுண்டி ஏறத்தாழ முப்பது மைல் நீளமும் முப்பது மைல் அகலமும் கொண்ட சதுரம். தலைநகர் ஹேய்ஸ். வடக்கே சலைன் ஆறு, தெற்கே ஸ்மோக்கி ஹில் ஆறு, இடையே பிக் கிரீக் என்னும் ஓடை. இந்நீர்க்கரைகளில்தான் அன்று சிறிது மரங்கள் இருந்தன. எஞ்சிய பரப்பெங்கும் புல். அந்தப் புல்லை எளிதாக எண்ணிவிட வேண்டாம். மேலே சாண் உயரம் மட்டுமே வளரும் எருமைப்புல்லின் வேர்கூட நிலத்தினுள் ஐந்தாறு அடிவரை இறங்கி நிற்கும். ஆண்டு மழை இருபத்துமூன்று அங்குல அளவு. அதுவும் ஓராண்டு பொழியும், மறு ஆண்டு பொய்க்கும். இன்றளவும் அந்நாட்டு உழவனின் கவலைகளுள் முதற்கவலை தண்ணீரே.

ஏறத்தாழ ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இதே இடத்தில் கடல் இருந்தது என்றால் வியப்பாக இருக்கும். வட அமெரிக்காவை இரண்டாகப் பிளந்து ஓடிய அவ்வுள்நாட்டுக் கடலின் அடியில் சிப்பிகளும் நுண்ணுயிர்களின் ஓடுகளும் படிந்து படிந்து சுண்ணாம்புக்கல் ஆயின. அக்கடலில் வாழ்ந்த பெருமீன்களின் எலும்புக்கூடுகள் ஹேய்ஸ் நகரின் ஸ்டெர்ன்பெர்க் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றுள் ஒன்று, தான் விழுங்கிய மீனை வயிற்றில் வைத்தபடியே மாண்டு கல்லாகிப் போன மீன். அது 1952-இல் கோவ் கவுண்டியில் தோண்டி எடுக்கப்பட்டது. ஆனால் நம் கதைக்கு வேண்டியது மீன் அன்று, கல்.

குடியேற்ற வரலாறுகள் பலவும் இந்நிலத்தை "வெறும் நிலம்" என்று குறிப்பிட்டுத் தொடங்குகின்றன. அது உண்மையன்று. பானி, செயன், அரப்பஹோ முதலிய குலங்களைச் சேர்ந்த மக்கள் காட்டெருமைக் கூட்டங்களைப் பின்பற்றி இப்புல்வெளியில் வாழ்ந்து வந்தனர். 1865-இல் அமெரிக்கப் படை இங்கே ஒரு கோட்டையை அமைத்தது. மறு ஆண்டில் அதற்கு ஹேய்ஸ் கோட்டை என்று பெயரிட்டது. 1867-இல் இருப்புப்பாதை வந்தது; ஹேய்ஸ் நகரும் அதனோடு பிறந்தது. அவ்வாண்டு அக்டோபரில் மெடிசின் லாட்ஜ் என்னுமிடத்தில் செய்யப்பட்ட உடன்படிக்கையினால் செயன், அரப்பஹோ மக்கள் இந்நிலத்தின் மீதிருந்த உரிமையை இழந்தனர். பாதை போட்ட தொழிலாளருக்கு இறைச்சி தருவதற்காகப் பதினெட்டு மாதங்களுக்குள் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட காட்டெருமைகளைச் சுட்டு வீழ்த்தியதாக 'பஃபலோ பில்' என்று பெயர் பெற்ற வில்லியம் கோடி தாமே பெருமையுடன் எழுதிவைத்துள்ளார். பத்து ஆண்டுகள் கழிவதற்குள் அந்த விலங்குக் கூட்டமும் இல்லை, அதை நம்பி வாழ்ந்த மக்களும் அங்கு இல்லை. பின்னே வந்த நம் உழவர்கள் இக்கொடுமையைச் செய்தவர்கள் அல்லர்; ஆயினும் அதனால் காலியான நிலத்திலேதான் அவர்கள் ஏர் பூட்டினார்கள் என்பதை மறைக்க இயலாது.

அவர்களுக்கு முன்னே வேறொருவர் பணத்தோடு வந்தார். இலண்டனில் பட்டு வணிகம் செய்து பொருள் ஈட்டிய ஸ்காட்லாந்துக்காரர் ஜார்ஜ் கிராண்ட், இருப்புப்பாதைக் கம்பெனியிடமிருந்து பெரும் நிலப்பரப்பை வாங்கி, 1873-இல் ஓர் ஊரை நிறுவி, தம் அரசியின் நினைவாக விக்டோரியா என்று பெயரிட்டார். ஆபர்டீன் ஆங்கஸ் என்னும் கரிய மாட்டினத்தின் காளைகளை அமெரிக்க மண்ணிற்கு முதன்முதல் கொண்டுவந்தவர் அவரே. அவரோடு வந்த ஆங்கிலச் செல்வர்வீட்டு இளைஞர்கள் புல்வெளியில் கிரிக்கெட் ஆடினர், குதிரையேறி வேட்டையாடினர், ஏர் பிடிப்பதில் மட்டும் அவர்களுக்கு நாட்டம் செல்லவில்லை. 1878-இல் கிராண்ட் மறைந்தார். அவருடைய குடியேற்றம் சில ஆண்டுகளிலேயே கலைந்துபோயிற்று.

அதற்குள் பக்கத்திலேயே வேறு வகையான மனிதர்கள் வந்து இறங்கியிருந்தனர். இவர்கள் ஜெர்மன் மொழி பேசுவோர்; ஆனால் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் அல்லர். 1763-இல் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கத்தரீன், வோல்கா ஆற்றங்கரையில் வந்து குடியேறுவோருக்கு நிலமும், சமய உரிமையும், படைச்சேவையிலிருந்து விலக்கும் அளிப்பதாக அறிவித்தார். போரினால் நொந்திருந்த ஜெர்மன் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் சென்றன. கத்தோலிக்கர் தனியூர்களாகவும் லுத்தரன் சபையார் தனியூர்களாகவும் அமர்ந்தனர். நூறாண்டுகள் கழிந்தன. வாக்குக் கொடுத்த அரசியும் இல்லை, வாக்கும் நிலைக்கவில்லை. 1871-இல் அவர்களுடைய தனியுரிமைகள் பறிக்கப்பட்டன; 1874-இல் இளைஞர் யாவரும் படையில் சேர வேண்டும் என்ற சட்டம் வந்தது. அவ்வாண்டே ஊர்ப் பெரியோர் கூடி, அமெரிக்காவைப் பார்த்து வரச் சிலரை அனுப்பினர். திரும்பி வந்தவர்கள் சான்றாகக் கொண்டுவந்தவை கொஞ்சம் மண்ணும் கொஞ்சம் புல்லும். நிலத்தை அறிந்தவனுக்கு அதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

1875-ஆம் ஆண்டின் இறுதியில் முதற்கூட்டத்தார் கடல் கடந்து வந்து, குளிர்காலத்தைக் கன்சாஸின் தலைநகரான டொபீக்காவில் கழித்து, 1876-இல் இப்புல்வெளிக்கு வந்தனர். விக்டோரியாவின் அருகே ஹெர்சோக், ஹேய்ஸுக்கு வடகிழக்கே கத்தரீன், தெற்கே மன்ஜோர், பைஃபர்; அடுத்த ஆண்டில் ஷோன்ஷன்; கவுண்டியின் எல்லைக்கு அப்பால் லீபன்தால். எல்லாம் வோல்காக் கரையில் அவர்கள் விட்டுவந்த ஊர்களின் பெயர்கள்.

பிற அமெரிக்க உழவர்கள் தத்தம் நிலத்தின் நடுவே தனித்தனி வீடு கட்டி வாழ்ந்தபோது, இவர்கள் மட்டும் ஒரே ஊராகக் கூடிக் குடியிருந்து, காலையில் தொலைவிலுள்ள வயலுக்குச் சென்று வந்தனர். நம் நாட்டுச் சிற்றூர்வாசிகளுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. அமெரிக்கருக்கோ இது விந்தையாகத் தோன்றிற்று. முதல் ஆண்டில் நிலத்தைத் தோண்டி, மேலே புல்மண் கட்டிகளை அடுக்கி, அக்குழி வீடுகளில் ஒண்டினர். விறகு இல்லாமையால் சாணத்தை வைக்கோலோடு மிதித்துக் கட்டிகளாக அறுத்து உலர்த்தி அடுப்பெரித்தனர். நம் வீட்டு வறட்டியின் உடன்பிறப்பு அது.

குருவானவர் இல்லை, ஆலயமும் இல்லை. ஆகவே ஊர் நடுவே பெரியதொரு மரச்சிலுவையை நாட்டினர். ஞாயிறுதோறும் அதைச் சுற்றி முழந்தாளிட்டு, ஆசிரியரோ பெரியவரோ முன்சொல்ல, செபமாலையும் மன்றாட்டுமாலையும் சொல்லினர். மரமற்ற நாட்டில் அவர்களுக்குக் கிடைத்த நல்ல மரத்தை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 1878-இல் கப்புச்சின் சபைக் குருக்கள் வந்தனர். மறு ஆண்டு புனித ஆக்னஸ் சபை அருட்சகோதரியர் பள்ளியில் கற்பிக்க வந்தனர்.

இனி அந்தக் கல்லைப் பார்ப்போம். மேல் மண்ணுக்குச் சற்றுக் கீழே, எட்டு முதல் பன்னிரண்டு அங்குலத் தடிப்பில், ஒரே சீராகப் பாய் விரித்ததுபோல் ஒரு சுண்ணாம்புக்கல் அடுக்கு அப்பகுதியில் ஓடுகிறது. அதன் நடுவே துருநிறத்தில் ஒரு கோடு. தோண்டியெடுத்த புதிதில் இக்கல் வாளால் அறுக்கும் அளவுக்கு மெதுவானது. காற்றுப்பட்டு உலர உலர இறுகிவிடும். வரிசையாகத் துளையிட்டு, ஒவ்வொரு துளையிலும் இரண்டு இரும்புத் தகடுகளுக்கிடையே ஆப்பை இறக்கி, முறை வைத்துத் தட்டினால், நூல் பிடித்தாற்போல் பிளக்கும். குளிர்காலத்தில் துளைகளில் நீரை ஊற்றி விட்டுவிடுவதும் உண்டு. இரவில் நீர் பனிக்கட்டியாகி விரிந்து கல்லைத் தானே பிளந்துவிடும். மரம் இல்லாத உழவர்கள் இக்கல்லைத் தூண்களாக வெட்டி வேலிக்கு நட்டார்கள். ஒவ்வொன்றும் முந்நூறு, நானூறு பவுண்டு எடை. சாலையோரங்களில் அத்தூண்கள் முட்கம்பியைத் தாங்கி இன்றும் மைல்கணக்கில் நிற்கின்றன. உலகில் வேறெங்கும் இவ்வளவு கல்வேலி ஒரே வகைக் கல்லால் இடப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

வீடும் இக்கல்லாலே, பள்ளியும் இக்கல்லாலே கட்டினர். ஹெர்சோக் மக்களின் ஆலயம் மூன்று முறை மாற்றிக் கட்டப்பட்டும் மக்கள்தொகைக்குப் போதவில்லை. 1908-இல் நான்காவது ஆலயத்தைத் தொடங்கினர். கப்புச்சின் மறைசாட்சியான புனித ஃபிடேலிஸ் பெயரால் அமைந்தது அது. பங்கில் நற்கருணை பெறும் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 45 டாலரும் ஆறு வண்டிக் கல்லும் தர வேண்டும் என்பது ஏற்பாடு. கல் வெட்டுமிடமோ ஊருக்குத் தெற்கே சுமார் ஏழு மைல்.

வாசகர்கள் சற்று நின்று கணக்கிட்டுப் பார்க்கலாம். பத்துப்பேர் கொண்ட குடும்பம் என்றால் அறுபது வண்டிக் கல். போக வர ஒரு நடைக்குப் பதினான்கு மைல். அறுபது நடைக்கு 840 மைல். அதுவும் கல்லைத் தோண்டி, பிளந்து, கையால் ஏற்றிய பிறகு. பணமோ 450 டாலர். அன்று பண்ணையில் உழைத்த கூலியாள் ஒருவர் பங்கான 45 டாலரை ஈட்ட ஒரு மாதத்திற்கு மேல் பாடுபட வேண்டியிருந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுமியையும் கணக்கில் சேர்த்து விதித்த இவ்வரி மிகையானதே என்று எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. கோதுமை பொய்த்த ஆண்டிலும் கல் பொய்க்கவில்லை என்பதே அவர்களுக்கு இருந்த ஒரே வசதி. ஆயினும் பணி நிற்கவில்லை. 1911 ஆகஸ்ட் 27-ஆம் நாள் ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது: நீளம் 220 அடி, குறுக்குச் சிறகுகளில் அகலம் 110 அடி, 1,100 பேருக்கு இருக்கை. உள்ளே வெர்மாண்ட் மாநிலத்துக் கருங்கல் தூண்கள். 1916-இல் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள்.

1912-இல் அங்கு வந்த அரசியல் தலைவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், சமவெளியில் தொலைவிலிருந்தே தெரியும் அந்தக் கோபுரங்களைக் கண்டு "சமவெளிகளின் பேராலயம்" என்று அழைத்தாராம். அவர் பிரஸ்பிட்டேரியன் சபையினர். முறைப்படி பார்த்தால் அது பேராலயம் அன்று. ஆயரின் இருக்கை சலைனா நகரில் உள்ளது. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. 2014-இல் திருத்தந்தையின் ஆட்சியகம் அதற்கு இளம் பசிலிக்கா என்னும் தகுதியை வழங்கியது. 1913-இல் ஹெர்சோக், விக்டோரியாவோடு இணைந்து ஒரே ஊராயிற்று. ஊர் எஞ்சியது ஜெர்மானியருக்கு, பெயர் எஞ்சியது ஆங்கில அரசிக்கு!

முதல் உலகப்போரின்போது ஜெர்மன் மொழி பேசியவர்கள் ஐயத்தோடு பார்க்கப்பட்டனர். பள்ளிகளில் அம்மொழி மங்கியது. 1930-களில் மழை பொய்த்து, உழுத மண் புழுதியாகிக் கதிரவனை மறைத்தது. உழாமல் விட்ட புல்வெளியும் அவ்வறட்சியில் எவ்வளவு பட்டுப்போயிற்று என்பதை ஹேய்ஸ் கல்லூரிப் பேராசிரியர் ஆல்பர்ட்சன் ஆண்டுதோறும் அளந்து பதிவு செய்தார். நிலத்தடி எண்ணெய் கிடைத்ததால் சில குடும்பங்கள் தப்பின. வோல்காக் கரையிலேயே தங்கிவிட்ட உறவினருக்கு நேர்ந்ததோ இதனினும் கொடிது: 1921-இன் பஞ்சம்; பின்னர் 1941 ஆகஸ்ட் 28-ஆம் நாளைய ஆணையால் ஊர் ஊராகச் சைபீரியாவுக்கும் கசகஸ்தானுக்கும் நாடுகடத்தப்பட்டனர். ஒரு பிடி மண்ணைப் பார்த்து நம்பிக் கிளம்பியவர்களின் பேரப்பிள்ளைகள் கன்சாஸில் கோதுமை அறுத்துக்கொண்டிருந்தனர்.

2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி எல்லிஸ் கவுண்டியில் ஏறத்தாழ 29,000 பேர். அவர்களுள் இருபத்தோராயிரம் பேர் ஹேய்ஸ் நகரில் வாழ்கின்றனர். விக்டோரியாவில் ஆயிரத்துக்குச் சற்று மேல். இயந்திரம் வந்தபின் பத்துக் குடும்பம் உழுத நிலத்தை ஒரு குடும்பம் உழுகிறது; பிள்ளைகள் நகரங்களுக்குப் போய்விட்டனர். கோசும் இறைச்சியும் வைத்துச் சுட்ட 'பீரோக்' என்னும் ரொட்டி மட்டும் வோல்காவின் நினைவாக வீடுகளிலும் கடைகளிலும் இன்னும் மணக்கிறது.

தெற்கே ஸ்மோக்கி ஹில் ஆற்றங்கரையில் பைஃபர் உள்ளது. அங்குள்ள திருச்சிலுவை ஆலயமும் அதே கல்லால் 1918-இல் கட்டி முடிக்கப்பட்டது. விற்ற கோதுமையில் புஷலுக்கு இரண்டு சென்ட் வீதம் உழவர்கள் கொடுத்ததால் அதற்கு "இரண்டு சென்ட் ஆலயம்" என்றே பெயர். குடும்பங்கள் குறைந்து, 1993-இல் அப்பங்கு மூடப்பட்டது. கட்டடத்தை இடிக்க ஊரார் விடவில்லை. அங்கிருந்து போனவர்களின் பிள்ளைகள் தங்கள் திருமணத்திற்காக அங்கே திரும்பி வருகின்றனர்.