மாய் போவின் மதகுகள்

வெளிநாட்டுச் சதுப்புநிலம் ஒன்றுக்குக் கல்விப் பரிமாற்றமாகப் போகும் மாணவர்களின் கண் முதலில் பறவைகள் மேல்தான் போகும். ஹாங்காங்கின் வடமேற்கில், ஷென்சென் நகரின் அடுக்குமாடிகளுக்கு எதிரே கிடக்கும் மாய் போ காப்பகத்தில் அவர்களை முதலில் மதகுக்கு அழைத்துப் போக வேண்டும் என்பேன். அங்குள்ள பறவை வளத்துக்கு அந்த எளிய பொறியும் ஒரு முக்கியக் காரணம். 1940களில் அலையாத்திக் காட்டைச் சுற்றிக் கரை எழுப்பி, உள்ளே வாய்க்கால் வெட்டி, கடலைப் பார்த்து ஒரு மதகு வைத்து இறால் குட்டைகளை அமைத்தார்கள். ‘கெய் வாய்’ என்பது அவற்றின் பெயர். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 ஹெக்டேர். இலையுதிர் காலத்தில் ஓதம் ஏறும்போது மதகைத் திறந்தால் டீப் பே விரிகுடாவின் நீரோடு இறால் குஞ்சுகளும் உள்ளே வரும். தீவனம் எதுவும் போடுவதில்லை. மட்கும் இலைதழையே அவற்றை வளர்க்கும். அடுத்த ஆண்டு கோடை இரவுகளில், ஓதம் வற்றும் நேரம் பார்த்து மதகின் வாயில் வலையைக் கட்டித் திறந்துவிடுவார்கள்.

1983 முதல் இக்காப்பகத்தை நிர்வகிக்கும் உலக இயற்கை நிதியத்தின் ஹாங்காங் கிளை, அதே மதகைப் பறவைகளுக்காகவும் இயக்குகிறது. குளிர்காலத்தில் குட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக வடிக்கிறார்கள். விலைபோகாத சிறுமீன்கள் ஆழமற்ற நீரில் நெருங்கித் தவிக்க, கொக்குகளும் நாரைகளும் வந்து குவிகின்றன. வேடந்தாங்கலில் நாம் காணும் கரண்டிவாயனின் உறவான கருமுகக் கரண்டிவாயன், அலகைத் திறந்து நீருக்குள் இருபுறமும் வீசி, தொடுஉணர்வால் இரை பிடிப்பது. கால் எட்டாத ஆழத்தில் அதற்குப் பிழைப்பில்லை. 1990 வாக்கில் உலகெங்கும் சில நூறாக இருந்த இப்பறவை இன்று 6,000-ஐத் தாண்டிவிட்டது. கொரியத் தீவுகளிலும் தைவானிலும் நடந்த பாதுகாப்புக்கும் அதில் பங்குண்டு. மதகுக்கு மட்டும் புகழ் சேர்ப்பது நியாயமாகாது.

மனிதர் திறந்து மூடும் குளம் எப்படி இயற்கையாகும், அதை அதன் போக்கில் விட்டால் என்ன என்று கேட்கலாம். விட்டால் ஓதம் கொண்டுவரும் வண்டல் படியும், நாணல் அடைக்கும், திறந்த நீர்ப்பரப்பு சுருங்கி மெல்ல மேட்டுநிலமாகும். இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. மதகால் வாழிடம் உண்டாக்க முடியுமென்றால், ஓரிடத்தைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பி, வேறிடத்தில் பூங்கா அமைத்துக் கணக்கை நேர்செய்யலாமே? 2006-இல் திறக்கப்பட்ட, 61 ஹெக்டேர் பரப்புள்ள ஹாங்காங் ஈரநிலப் பூங்காவே தின் ஷுய் வாய் புதுநகருக்கு ஈடாக உருவானதுதான். அது பயனுள்ள இடம். ஆனால் அந்த வாதத்தை எங்கும் பொருத்த முடியாது. மதகு நீர்மட்டத்தை மாற்றும், அவ்வளவே. இறால் குஞ்சுகளைத் தருவது விரிகுடா. ஓதம் வற்றியதும் கரைப்பறவைகள் இரை தேடுவது வெளியே விரிந்த சேற்றுவெளியில். ஓதம் அதை மூடும் சில மணி நேரம் ஒதுங்கத்தான் குட்டைகளுக்கு வருகின்றன. அந்தச் சேற்றை இழந்தபின், எத்தனை மதகு கட்டினாலும் அவற்றுக்கு உணவு கிடைக்காது.